மிஷின் வைத்து ஐந்து மாதம் ஆகியும் பையன் பேசவில்லையே?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். பெரா டெஸ்டில் (சத்தத்துக்குக் காது நரம்பு தரும் பதிலை அளக்கும் சோதனை) வலது காது 85, இடது காது 80 டெசிபல் குறை என்று வந்தது. இரண்டு காதுக்கும் காது கேட்கும் மிஷின் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. வைத்த கொஞ்ச நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிடுகிறான். வாரம் ஒரு நாள் பஸ் பிடித்துத் திருச்சிக்கு ஸ்பீச் தெரபிக்குப் போகிறோம். அங்கே, "சைகை காட்டிப் பழக்காதீங்க, அப்புறம் பேசவே மாட்டான்" என்கிறார்கள். ஆனால் கை காட்டினால்தான் என் முகத்தையே பார்க்கிறான். மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்களாம். காப்பீட்டில் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் ஒருவர். நானும் என் கணவரும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். வீட்டில் நான் என்னதான் செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மணப்பாறை

பதில்:

அன்புள்ள சகோதரி,

பையன் இன்னும் பேசவில்லை என்பதைவிட உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தவை இரண்டு வரிகள். மிஷினைப் பிடுங்கிப் போடுகிறான் என்பது ஒன்று. கை காட்டினால் பார்க்கிறான், ஆனால் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவதால் காது வழியாக மொழி போகவில்லை. இரண்டாவதால் கண் வழியாகவும் போகவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் அடைபட்டிருக்கக் கூடாது.

பேச்சு வேறு, மொழி வேறு. வாயிலிருந்து வரும் ஒலி பேச்சு. "பால் தீர்ந்துபோச்சு, அப்பா சாயங்காலம் வாங்கிட்டு வருவாங்க" என்ற சேதி உங்கள் மனதிலிருந்து அவன் மனதுக்குப் போய்ச் சேர்வது மொழி. அது வாய் வழியாகவும் போகலாம், கை வழியாகவும் போகலாம். உச்சரிப்பு கொஞ்சம் தாமதமானாலும் பயிற்சியில் திருத்திக்கொள்ளலாம். முதல் ஐந்து வருடம் மொழி உள்ளே இறங்காமல் கழிந்துவிட்டால், பிறகு படிப்பு, கணக்கு, நட்பு என எல்லா இடத்திலும் அந்தக் குறை இடிக்கும். அதனால் அவனை எப்படிப் பேச வைப்பது என்பதை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு, மொழியை எப்படி உள்ளே அனுப்புவது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐந்து மாதக் கணக்கு. கேட்கும் குழந்தையும் பிறந்து ஏறக்குறைய ஒரு வருடம் கேட்டுக் கேட்டுத்தான் முதல் சொல்லைச் சொல்கிறது. உங்கள் பையனின் கேட்கும் வயது மிஷின் வைத்த நாளில் தொடங்கியது. அதிலும் அதை அணிந்திருந்த நேரம் மட்டும்தான் கணக்கு. அவன் ஒரு நாளில் 12 மணி நேரம் விழித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணி நேரம் மட்டும் அணிந்தால், மற்றக் குழந்தைகள் ஒரு வருடத்தில் கேட்பதைக் கேட்க இவனுக்கு 3 வருடம் ஆகும். அப்படிப் பார்த்தால் உங்கள் ஐந்து மாதம் உண்மையில் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இப்போதைய டிஜிட்டல் மிஷின்கள் பெரும்பாலும் தினமும் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடின என்பதைத் தாங்களே பதிவு செய்துவைக்கும். அடுத்த முறை ஆடியாலஜிஸ்ட் (கேட்புத் திறனைச் சோதித்து மிஷினை அளவு வைப்பவர்) அதைக் கம்ப்யூட்டரில் இணைக்கும்போது அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது 10 மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும்.

பிள்ளை மிஷினைப் பிடுங்குவது பெரும்பாலும் பிடிவாதத்தால் இல்லை. அவன் அதன் மூலம் ஏதோ சொல்கிறான். காதின் பின்பக்கமும் உள் விளிம்பும் சிவந்திருந்தால் மோல்டு, அதாவது காதின் அளவெடுத்துச் செய்து காதுக்குள் பொருத்தும் அச்சு, உறுத்துகிறது. குக்கர் விசில், பாத்திரம் விழும் சத்தத்துக்குக் கண்ணைச் சிமிட்டி, முகம் சுளித்து, உடனே பிடுங்கினால் மிஷினின் உச்ச ஒலி அளவு அதிகம். ஆடியாலஜிஸ்ட் அதைக் குறைக்க வேண்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள். எந்தச் சத்தத்துக்கும் அசையாமல் சும்மா கழற்றி விளையாடினால், மிஷினால் அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். கிடைக்காததை அவன் ஏன் சுமக்க வேண்டும்? தாடையை அசைக்கும்போதும் படுக்கும்போதும் "கீ" என்று விசில் அடித்தால் மோல்டு தளர்ந்துவிட்டது. இந்த வயதில் காது வளர்ந்துகொண்டே இருப்பதால் 4 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை புது மோல்டு எடுக்க வேண்டிவரும். பல வீடுகளில் ஒரே மோல்டை ஒன்றரை வருடம் ஓட்டுகிறார்கள். விசில் தொல்லை தாங்காமல் ஒலியைக் குறைத்தும் வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் போக வேண்டிய சத்தம் அங்கேயே போய்விடுகிறது.

உறுத்தலும் அளவும் சரியான பிறகும் பிடுங்கினால் அது பழக்கம். இரண்டு மிஷினையும் ஒரு கயிற்றில் கோர்த்துச் சட்டையின் பின்கழுத்தில் கிளிப் மாட்டுங்கள், கழற்றினாலும் தொலையாது. சாப்பிடும்போது, இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகும்போது, பிடித்த விளையாட்டின்போது என்று கைக்கு வேலை இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள். கழற்றினால் திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ஒரு நிமிடம் கழித்து முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் மறுபடி வையுங்கள். குளியலுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் கழற்றுவது என்ற நிலைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் வந்துவிடலாம்.

தினமும் காலையில் மிஷின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவனால் "கேட்கலை" என்று சொல்ல முடியாது. செல் (பேட்டரி) தீர்ந்த மிஷின் காதில் செருகிய அடைப்பான், வைக்காததைவிட மோசம். செல் சோதிக்கும் சின்ன டெஸ்டரும், மிஷினில் மாட்டி நீங்களே கேட்டுப் பார்க்கும் ஸ்டெத்தோகிளிப்பும் வாங்கி வையுங்கள். உங்கள் குரல் கரகரப்பாகவோ விட்டு விட்டோ கேட்டால் அவனுக்கும் அப்படித்தான் கேட்கும். மிஷின் செல்கள் காற்று பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் வகை. ஸ்டிக்கரைப் பிரித்து இரண்டு, மூன்று நிமிடம் வெளியே வைத்த பிறகு உள்ளே போடுங்கள். பிரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஆரஞ்சு ஸ்டிக்கர் 13-ஆம் எண், நீல ஸ்டிக்கர் 675-ஆம் எண், மாற்றி வாங்கிவிடாதீர்கள். மோல்டுக்கும் மிஷினுக்கும் நடுவிலுள்ள குழாயில் வியர்வை நீர் ஒரு துளி நின்றாலும் சத்தம் அடைபடும். மோல்டைத் தனியே கழற்றி, ரப்பர் பந்து வைத்த ஊதியால் ஊதி எடுங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மோல்டை மட்டும் கழுவலாம், ஸ்பிரிட் வேண்டாம். இரவில் மிஷினைச் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஜெல் மணிகளின் நிறம் மாறினால் ஈரத்தைக் குடித்துத் தீர்ந்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள். அந்த மணியும் செல்லும் அவன் கைக்கு எட்டவே கூடாது. செல்லை விழுங்கினாலோ மூக்கில் திணித்துக்கொண்டாலோ சில மணி நேரத்தில் உள்ளே புண்ணாகும். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். செல் கதவுக்குக் குழந்தைப் பூட்டு உள்ள மாடல்தானா என்று கேளுங்கள்.

மிஷின் வேலை செய்வது ஒன்று, அதன் வழியே அவனுக்குப் பேச்சொலி எட்டுவது இன்னொன்று. இதைப் பார்க்க ஆறு ஒலிகள் போதும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டேனியல் லிங் என்ற கல்வியாளர் வகுத்த சோதனை இது. தாழ்ந்த சுருதியுள்ள "ம்" முதல் மிக உயர்ந்த சுருதியுள்ள "ஸ்" வரை பேச்சின் முழு அகலமும் இந்த ஆறில் அடங்கிவிடும். ஃபேன், டிவியை நிறுத்திவிட்டு, உங்கள் வாய் அவனுக்குத் தெரியாதபடி பக்கவாட்டில் சற்றுப் பின்னால் உட்காருங்கள். முதலில் ஒரு காது, பிறகு மற்றக் காது. சாதாரணக் குரலில் ஒவ்வோர் ஒலியாகச் சொல்லுங்கள். ஒரு அடி தூரத்தில் தொடங்கி, மூன்றடி, ஆறடி என்று போங்கள். இந்த வயதில் பதில் என்பது திரும்பிப் பார்ப்பது மட்டும் இல்லை. விளையாட்டை ஒரு கணம் நிறுத்துவது, கண் அகல்வது எல்லாமே பதில்தான். இன்னும் சில மாதத்தில், சத்தம் கேட்டதும் ஒரு கட்டையை டப்பாவில் போடப் பழக்கலாம். ஒலிகளுக்கு நடுவில் 3 விநாடி, 10 விநாடி, 6 விநாடி என்று இடைவெளியை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காதால் கேட்காமலே தாளக் கணக்கில் போட்டுவிடுவான்.

ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, எந்த ஒலி எத்தனை அடியில் கேட்டது என்று எழுதுங்கள். "ஷ்", "ஸ்" இரண்டும் எப்போதுமே கிடைக்கவில்லை என்றால் உயர் சுருதி போதவில்லை. நேற்று வரை கேட்ட "ம்" இன்று கேட்கவில்லை என்றால் மோல்டு, செல், சளி மூன்றையும் சந்தேகப்படுங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் உள்ள குறையோடு மேலும் 20, 30 டெசிபல் கூடிவிடும். இந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் ஆடியாலஜிஸ்டுக்கு ஒரு மாத வேலை மிச்சம்.

தூரம் பற்றி ஒரு விஷயம். தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஃபேனின் இரைச்சலோ அப்படியே இருக்கிறது. மிஷின் இரண்டையும் சேர்த்தே பெருக்கும். அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கத்துவதால் அவனுக்கு எதுவும் போய்ச் சேராது; கத்தும்போது உயிரொலிகளும் உருக்குலையும். நம் ஊர் அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசுகிறார்களே, அதைவிடச் சிறந்த இடம் வேறு இல்லை. உங்கள் வாய்க்கும் அவன் மிஷினுக்கும் ஒரு சாண்தான். கூடத்தில் சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் எதிரொலித்தால் பாய் விரித்து, திரை போட்டு, அந்த மூலையை உங்கள் பேச்சு மூலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன பேசுவது. வாரம் ஒரு மணி நேரத் தெரபி. அவன் விழித்திருப்பதோ வாரத்துக்கு 84 மணி. மீதி 83 மணியும் உங்களுடையது. அதனால் தெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே உட்கார்ந்து, இந்த வாரம் எதை, எந்த வேலையின்போது, எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டு வருவதுதான் அந்தப் பயணத்தின் பலன்.

காது கேளாத பிள்ளையிடம் வீட்டில் எல்லோரும் ஒற்றைச் சொல்லில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்: "வா", "போ", "சாப்பிடு", "தொடாதே". இன்னொரு தவறு பரீட்சை வைப்பது: "இது என்ன? சொல்லு, சொல்லு." கேட்காத சொல்லை அவன் எங்கிருந்து சொல்வான்? இரண்டையும் விட்டுவிட்டு, செய்துகொண்டிருக்கும் வேலையையே முழு வாக்கியமாகப் பேசுங்கள். குளிப்பாட்டும்போது: "தண்ணி சுடுதா? தொட்டுப் பாரு. சுடலை. ஊத்தட்டுமா? ஊத்தறேன்... ஊத்தியாச்சு!" இந்த ஒரு நிமிடத்தில் கேள்வி, இல்லை என்பது, நடக்கப்போவது, நடப்பது, நடந்து முடிந்தது என எல்லாமே வந்துவிட்டன. ஒரு வாரத்துக்கு ஐந்தாறு சொல் எடுத்துக்கொள்ளுங்கள். ஊத்து, சுடு, துடை, நனை, காலி. குளியலில், சமையலில், செடிக்குத் தண்ணீர் விடும்போது என்று வேறு வேறு இடங்களில் அதே சொல் திரும்பத் திரும்ப வரட்டும். பொருளைக் காட்டுவதற்கு முன் ஒரு முறை சொல்லுங்கள், காட்டுங்கள், மறுபடி சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் ஒரு பார்வை, ஒரு "ஆ", ஒரு கை அசைவு எதைத் தந்தாலும் அது அவன் முறை. அதற்குப் பதில் பேசுங்கள். அந்தப் பத்து விநாடி மௌனத்தைத்தான் பெற்றோர்களால் தாங்க முடிவதில்லை.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து நடத்தும் பயிற்சியில் இவை விடுபட்டுப் போகின்றன. நம் மொழியில் அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது. பையில, பைக்கு, பையை. வந்தேன், வந்தோம், வந்தாங்க. அந்த வாலைத்தான் நாம் பேச்சில் மெலிதாக விழுங்குகிறோம். "வந்தான்" என்பதைப் பேச்சில் "வந்தா" என்றே மூக்கால் முடிக்கிறோம். "வந்தாள்" என்பதும் "வந்தா"தான். நடுவில் இருப்பது ஒரு மூக்கொலி மட்டும். "பால் வேணும்", "பால் வேணாம்" இரண்டுக்கும் பொருள் நேரெதிர். வித்தியாசம் கடைசியில் ஒரே உயிரொலி. மிஷின் வழியாகக் கேட்கும் குழந்தைக்கு முதலில் நழுவுவது இந்த நுனிதான். பின்னாளில் "நான் கடை போ" என்று வால் இல்லாமல் எழுதும் பிள்ளைகளிடம் நாம் பார்ப்பது இந்த நழுவலின் விளைவைத்தான். ஆகவே சொல்லின் கடைசியை விழுங்காமல், ஒரு இழை அழுத்திச் சொல்லிப் பழகுங்கள். பாட்டுப் போல இழுக்க வேண்டாம். முடிய விடுங்கள், போதும். டப்பா, பந்து, துணிப்பை வைத்து "பையில போடு, பைக்கு மேல வை, பையை எடு" என்று விளையாடுங்கள்.

அவனுக்குச் சாதகமாகவும் தமிழில் ஒன்று இருக்கிறது. கல்-கால், பல்-பால் போன்ற குறில் நெடில் வேறுபாடு நேர அளவில் இருக்கிறது. தீவிரக் குறைபாடுள்ள காதுக்கும் அது சீக்கிரம் பிடிபடும். படம்-பட்டம் போன்ற இரட்டிப்பும் அப்படித்தான். கேட்டுப் பிரித்தறியும் பயிற்சியை இங்கே தொடங்குங்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "அம்மா", "அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும்.

வீட்டில் எந்த மொழியில் உங்களுக்கு யோசிக்காமல் பேச்சு வருமோ அந்த மொழியில் பேசுங்கள். பள்ளிக்காக இப்போதே "மில்க்", "ஆப்பிள்" என்று பெயர்ப் பட்டியல் கற்பிப்பதில் பயனில்லை. பெயர்ச்சொற்கள் மட்டும் நூறு தெரிந்தும் ஒரு வாக்கியம் கட்டத் தெரியாத பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். "மறந்துட்டேன்", "நினைச்சேன்", "தெரியலையே", "பயமா இருக்கா?" போன்ற மனம் சார்ந்த சொற்களைக் காது கேளாத பிள்ளைகளிடம் நாம் மிகக் குறைவாகவே சொல்கிறோம். கண்ணால் காட்ட முடியாத சொற்கள் அவை. சாவியைத் தேடும்போது "எங்க வச்சேன்? மறந்துட்டேனே!" என்று அவன் எதிரில் சொல்லித் தேடுங்கள்.

தினமும் மாலை பத்து நிமிடம் ஒரு நோட்டு வேலை. கோடு போடாத 40 பக்க நோட்டு போதும். அன்று நடந்த ஒன்றை அவன் பார்க்கப் பார்க்க நீங்கள் வரையுங்கள். குச்சி மனிதர் போதும். பஸ்ஸில் போனீர்களா, டிக்கெட்டை ஒட்டுங்கள். பூ பறித்தீர்களா, பூவை ஒட்டுங்கள். கீழே பேசின மாதிரியே ஒரு வரி எழுதுங்கள்: "நாம பஸ்ல போனோம். மழை வந்துச்சு." காதுக்கு நழுவிய அந்த "ல"வும் "ஓம்"மும் இங்கே கண்ணுக்குக் கிடைக்கின்றன. ஏட்டுத் தமிழ் நான்கு, ஐந்து வயதில் வரட்டும். நேற்று, நாளை என்ற கருத்து இந்த நோட்டில்தான் பிறக்கும். அடுத்த நாள் இதே பக்கத்தை அப்பாவுக்கும் பாட்டிக்கும் அவன் காட்ட வேண்டும். அவர்களும் அதைப் பற்றியே அவனிடம் பேச வேண்டும்.

சைகை விஷயத்துக்கு வருகிறேன். சைகை பழகினால் பேச்சு வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. மொழி எந்த வழியில் வந்தாலும் மூளையில் அது மொழியாகவே அமர்கிறது. பிறகு பேச்சுக்கும் படிப்புக்கும் அது அடித்தளமாகிறது. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானங்களைத் தவறென்று தள்ளிவிட்டு வருத்தம் தெரிவிக்க, 2010-இல் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாடு வரை 130 வருடம் ஆனது. உங்களிடம் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த நீண்ட பழக்கத்தின் நிழல் இன்னும் பல பயிற்சி அறைகளில் இருக்கிறது. ஆனால் உங்கள் பையன் பார்ப்பதும் கவனிப்பதும் கையைத்தான் என்றால், அந்த வாசலை மூடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டில் நாமாக வைத்துக்கொள்ளும் பத்துக் கை ஜாடைகள் மொழி ஆகாது. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், புருவமும் முகமும் இலக்கணத்தின் பகுதி. தில்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021-இல் வெளியிட்டது. வீடியோக்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சைகைகள் சில சொற்களில் வேறுபடும். அதனால் உங்கள் பகுதியில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் சைகை பேசும் பெரியவர்களைச் சந்தியுங்கள். வளர்ந்த, வேலைக்குப் போகிற, சிரித்துப் பேசுகிற காது கேளாத ஒருவரைப் பார்ப்பது உங்கள் பயத்துக்கும் மருந்து. சைகை காட்டும்போது அவசரப்படாதீர்கள். அவனால் பூனையையும் உங்கள் கையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அவன் பூனையைப் பார்த்து முடித்து உங்கள் பக்கம் கண்ணைத் திருப்பும் வரை பொறுத்து, பிறகு சொல்லுங்கள். பார்க்க வேண்டுமானால் தோளில் மெல்லத் தட்டுங்கள். தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பாதீர்கள். ஒரு நாளில் சில நேரங்களைக் கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள், இடுப்பில் இருக்கும்போதும் பாட்டுப் பாடும்போதும். மற்ற நேரம் கையும் வாயும் சேர்ந்தே வரட்டும்.

இப்போது ஆபரேஷன். 80, 85 டெசிபல் என்பது தீவிரக் குறைபாடு. சரியாக அளவு வைத்த சக்தி வாய்ந்த மிஷின் சில பிள்ளைகளுக்குப் போதும், சிலருக்குப் போதாது. பெராவில் சாதாரணமாகப் போடும் கிளிக் ஒலி உயர் சுருதிப் பகுதியை மட்டுமே பெரும்பாலும் சொல்லும். சுருதி வாரியாக அறிய ஏஎஸ்எஸ்ஆர் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், மிஷின் அணிந்த நிலையில் அவன் எத்தனை டெசிபலில் கேட்கிறான் என்ற அளவு. நாள் முழுக்க அணிந்தும், அளவு சரிசெய்தும், அது ஏறக்குறைய 30 முதல் 40 டெசிபலுக்குள் வராவிட்டால், "ஷ்", "ஸ்" அருகிலும் எட்டாவிட்டால், காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் கருவி பொருத்தி நரம்பை நேரே தூண்டும் ஆபரேஷன்) மதிப்பீட்டுக்கு உடனே போங்கள். இரண்டு, மூன்று மாதம் ஒழுங்காக அணிவித்துப் பார்ப்பது போதும். ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது உண்டு. ஆனால் 6 வயது என்பது திட்டத்தின் வரம்பு. கேட்கக் கற்கும் மூளைக்கு ஒவ்வொரு மாதமும் விலை உண்டு.

போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள்: உள்காதும் நரம்பும் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஸ்கேன் பார்ப்பார்கள், மூளைக்காய்ச்சலைத் தடுக்க நிமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஆபரேஷன் அன்றே கேட்காது. மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை இயக்குவார்கள். பிறகு பல முறை அளவு திருத்த வேண்டும். கேட்கும் வயது அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேலே சொன்ன வீட்டு வேலைகள் ஒன்றுகூடக் குறையாது. வாரண்டி முடிந்த பிறகு கேபிள், பேட்டரி, வெளிக்கருவிக்கு என்ன செலவு, யார் தருவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேபிள் அறுந்து மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கருவிகள் உண்டு. இதற்கும் மற்றச் சோதனைகளுக்கும் அரசு மருத்துவமனையிலுள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் குறை இருந்தாலே காது கேளாதவர் என்ற வரையறைக்குள் வருவார்கள். சிறு பிள்ளைகளுக்கான அரசு ஆரம்பநிலைப் பயிற்சி மையம் அருகில் எங்கே உள்ளது என்பதும் அங்கே தெரியும்.

மாமியார் சொல்வதை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். நாக்கில் ஒரு குறையும் இல்லை. சத்தம் உள்ளே போகாததால் வெளியே வரவில்லை. வசம்பு சின்னப் பிள்ளைக்கு வாந்தியைத்தான் வரவழைக்கும். அவரை விலக்கி வைக்கவும் வேண்டாம். மோல்டு மாட்டவும் செல் மாற்றவும் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். மத்தியானம் அந்த நோட்டை எடுத்து வைத்து அவர் கதை சொல்லட்டும். பேச்சும் சைகையும் அம்மா ஒருத்தியிடம் மட்டும் நடந்தால் அவன் உலகம் ஒரே ஆளோடு நின்றுவிடும்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்பதால் மரபணுப் பரிசோதனை பற்றி ஒரு முறை கேளுங்கள். இருவரும் ஒரே மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள் என்றால் அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அது யார் தவறும் இல்லை. அடுத்த குழந்தை பிறந்தால் முதல் மாதத்துக்குள் கேட்புச் சோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மிஷினும் பயிற்சியும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்ய அது உதவும்.

இந்த வாரத்தில் மோல்டைப் பார்க்கச் சொல்லி, அணிந்த நேரத்தின் பதிவை வாங்குங்கள். ஆறு ஒலி நோட்டை மூன்று வாரம் எழுதுங்கள். அதோடு, மிஷின் அணிந்த நிலையில் எடுத்த அளவின் நகலையும் சேர்த்து மறுபடி எழுதினால், ஆபரேஷன் மதிப்பீட்டுக்கு இப்போதே போக வேண்டுமா, மிஷினிலேயே இன்னும் வழி இருக்கிறதா என்பதை எண்களை வைத்துப் பேசலாம்.